வீட்டில் கட்டும் வானூர்திகளின் உலோகக் கட்டுமானம்

வீட்டில் கட்டும் வானூர்திகளின் உலோகக் கட்டுமானம் என்பது, தொழிற்சாலையில் அல்லாது தனிமனிதரோ சிறு குழுவோ தமது வீட்டில் அல்லது சிறு பட்டறையில் ஒரு சிறிய வானூர்தியை உருவாக்கும்போது, அதன் உலோகப் பாகங்களை வெட்டி, வளைத்து, துளையிட்டு, அரிமானத்திலிருந்து காத்து, ஒன்றுடன் ஒன்று பொருத்தும் வேலைகளின் தொகுப்பாகும். இத்தகைய வானூர்திகள் மரம், துணி, கண்ணாடியிழை, உருக்குக் குழாய் ஆகியவற்றாலும் கட்டப்படுகின்றன. எனினும் மெல்லிய அலுமினியக் கலப்புலோகத் தகடுகளைத் தறையாணிகளால் இணைத்துக் கட்டும் முறை மிகவும் பரவலானது. பட்டறைகளில் ரிவெட் என வழங்குவதே தறையாணி ஆகும்.

இரண்டு இருக்கைகள் கொண்ட உலோக வானூர்தி ஒன்றில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தறையாணிகள் இருப்பது இயல்பு. அவை ஒவ்வொன்றுக்கும் துளை உண்டு. இறக்கையின் மேலுறை மூடப்பட்ட பின்னர் அத்துளைகளில் பெரும்பாலானவற்றை உட்புறத்திலிருந்து மீண்டும் காண இயலாது. வாங்கிய உலோகம் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், இணைப்பின் வலிமை துளையின் தூய்மையையும் தறையாணி அமர்ந்த விதத்தையும் பொறுத்தே அமைகின்றது. ஆகவே இக்கட்டுமானத்தில் கட்டுபவரே முதல் ஆய்வாளரும் ஆவார். மூடுவதற்கு முன் பார்க்கத் தவறியதைப் பின்னர் பார்க்கும் வாய்ப்புக் குறைவு.

வரலாறு

தொடக்ககால வானூர்திகள் யாவும் ஒருவகையில் வீட்டில் கட்டப்பட்டவையே. தமிழ்நாட்டில் 1910 ஆம் ஆண்டில், சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த சியாகோமோ டி ஆஞ்சலிசு என்பவர் தாம் வடிவமைத்த வானூர்தியை சிம்ப்சன் நிறுவனத்தின் வண்டிப் பட்டறையில் செய்வித்துப் பறந்து காட்டினார். அக்காலத்து வானூர்திகள் பெரும்பாலும் மரச்சட்டமும் துணியும் கொண்டவை.

அலுமினியம் வானூர்திக்கு ஏற்ற உலோகமாக மாறியதற்குச் செருமானிய உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம் 1906 ஆம் ஆண்டளவில் கண்டறிந்த பண்பு ஒன்றே காரணம். செம்பும் மக்னீசியமும் சிறிதளவு கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் குளிர்வித்து வைத்தால், சில நாட்களில் அது தானாகவே கடினமடைகின்றது. டியூராலுமின் எனப் பெயர்பெற்ற இக்கலப்புலோகத்தைக் கொண்டு 1919 இல் யுங்கர்சு எஃப் 13 என்னும் முழு உலோகப் பயணிகள் வானூர்தி உருவானது.

வீட்டுக் கட்டுமானம் அமைப்பு வடிவம் பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னராகும். 1953 இல் ஐக்கிய அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்தில் பால் போபெரெசுனி என்பவர் எக்சுபெரிமெண்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேசன் என்னும் சங்கத்தைத் தொடங்கினார். 1964 இல் சான் தார்ப் வடிவமைத்த டி-18 என்னும் முழு உலோக வானூர்தி பறந்தது. வீட்டில் கட்டிய டி-18 ஒன்றில் டான் டெய்லர் 1976 இல் உலகைச் சுற்றி வந்தார். ரிச்சர்ட் வான்குருன்சுவென் உருவாக்கிய ஆர்வி-3 1971 இல் பறந்தது. அவர் தொடங்கிய வான்சு ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி வரிசையில் இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வானூர்திகள் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்துள்ளன.

முன்பு கட்டுபவர்கள் வரைபடத்தை மட்டும் வாங்கித் தகட்டிலிருந்து எல்லாவற்றையும் தாமே வெட்டினர். இன்று பெரும்பாலோர் தொகுதியாக வாங்குகின்றனர். தொகுதியில் பாகங்கள் கணினி எந்திரத்தால் வெட்டப்பட்டு, துளைகள் இடப்பட்டு வருகின்றன. ஆயினும் பிசிறு நீக்கல், அடிப்பூச்சு, தறைதல் ஆகியவை கட்டுபவரின் கைவேலையாகவே உள்ளன.

பயன்படும் உலோகங்கள்

சிறிய உலோக வானூர்திகளில் பொதுவாகப் பயன்படுபவை பின்வருமாறு:

- 2024-டி3: செம்பு ஏறத்தாழ 4.4 விழுக்காடும் மக்னீசியம் 1.5 விழுக்காடும் கலந்த அலுமினியம். மிகுந்த வலிமையுடையது. ஆனால் செம்பு கலந்திருப்பதால் எளிதில் அரிமானம் அடையும். எனவே இதன் இருபுறமும் தூய அலுமினியப் படலம் பூசப்பட்ட தகடே மேலுறைக்குப் பயன்படுகின்றது.
- 6061-டி6: மக்னீசியமும் சிலிக்கனும் கலந்தது. வலிமை சற்றுக் குறைவு. அரிமானத்தை நன்கு தாங்கும், பற்றவைக்கவும் இயலும்.
- 4130 உருக்கு: குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது. எந்திரத் தாங்கி, சக்கரக் கால் முதலிய மிகுந்த சுமை ஏற்கும் இடங்களில் குழாயாகப் பயன்படுகின்றது.

எண்ணுக்குப் பின் வரும் டி3, டி6 என்பன வெப்பப் பதனிடலைக் குறிக்கும். ஒரே கலப்புலோகமாயினும் பதனிடல் மாறினால் வலிமை பெரிதும் மாறும். பாத்திரக் கடைகளிலும் கட்டிட வேலைகளிலும் கிடைக்கும் அலுமினியத் தகடு பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இவற்றுக்கு ஈடாகாது. ஆகவே தகட்டின் மீது அச்சிடப்பட்டிருக்கும் எண்ணையும் உடன்வரும் தரச் சான்றையும் கட்டுபவர் பாதுகாக்க வேண்டும். மீந்த துண்டில் எண் இல்லையெனில் அதனைச் சுமை தாங்கும் பாகத்துக்குப் பயன்படுத்துதல் கூடாது.

உலோகத்தை அடித்தாலோ வளைத்தாலோ அது கடினமாகும் என்பது திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையத்துப் பித்தளைப் பாத்திரத் தொழிலாளர் நன்கறிந்த செய்தி. தட்டத் தட்டக் கடினமாகும் பித்தளையைச் சூடேற்றி இளக்கிய பின்னரே அவர்கள் மீண்டும் தட்டுவர். 2024-டி3 தகட்டை அவ்வாறு தீயில் காட்டுதல் தவறு. அதன் வலிமை பதனிடலால் வந்தது. பட்டறைத் தீ அதனை அழித்துவிடும். ஆகவே அதனைக் குளிர்நிலையிலேயே, தக்க வளைவு ஆரத்துடன் வளைக்க வேண்டும்.

கட்டமைப்பு

கரூரில் கட்டப்படும் பேருந்துகளின் பக்கத் தகடுகளும் தறையாணியால் இணைக்கப்படுவதுண்டு. அங்கு சுமையை முதன்மையாகத் தாங்குவது உள்ளிருக்கும் உருக்குச் சட்டமாகும். தகடு பெரும்பாலும் மூடியாகவே அமைகின்றது. வானூர்தியில் நிலை வேறு. அதன் மெல்லிய மேலுறையே சுமையின் பெரும்பங்கைத் தாங்குகின்றது. இதனைச் சுமைதாங்கு மேலுறைக் கட்டமைப்பு என்பர். பேருந்தில் ஒரு தறையாணி தளர்ந்தால் ஓசை எழும். வானூர்தியில் ஒரு வரிசை தளர்ந்தால் இறக்கையின் வடிவமே நிலைகுலையக்கூடும்.

இறக்கையின் முதன்மை உறுப்பு நீளவாக்கில் ஓடும் விட்டமாகும். அதற்குக் குறுக்காக விலாக்கள் அமைந்து இறக்கைக்கு வடிவம் தருகின்றன. இவற்றின் மீது ஏறத்தாழ 0.5 முதல் 1 மி.மீ. வரை தடிப்புள்ள தகடு மேலுறையாகப் போர்த்தப்படுகின்றது. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைய முயல்வதால் மேற்புறம் அமுக்கத்துக்கும் கீழ்ப்புறம் இழுப்புக்கும் உட்படுகின்றது. இச்சுமை ஒவ்வொரு தறையாணி வழியாகவும் ஒரு தகட்டிலிருந்து மற்றதற்கு வெட்டு விசையாகக் கடத்தப்படுகின்றது. 3.2 மி.மீ. விட்டமுள்ள வழக்கமான வானூர்தித் தறையாணி ஒன்று ஏறத்தாழ 1,700 நியூட்டன் வெட்டு விசையைத் தாங்கும். 2.4 மி.மீ. விட்டமுள்ளது ஏறத்தாழ 960 நியூட்டன் தாங்கும். தறையாணி துளையை முழுமையாக நிரப்பியிருந்தால் மட்டுமே இவ்வளவுகள் பொருந்தும்.

பாகங்களை ஆயத்தப்படுத்தல்

குறியிடலும் வெட்டலும்

தகட்டின் மீது கோடு வரைய எழுதுகோல், கீறுமுள் ஆகியவற்றைப் பயன்படுத்துதல் கூடாது. எழுதுகோலின் காரீயம் எனப்படுவது உண்மையில் கரியின் ஒரு வடிவமாகும். அது அலுமினியத்துடன் ஈரத்தில் சேரும்போது மின்வேதி அரிமானத்தைத் தூண்டும். கீறல் விரிசலுக்குத் தொடக்கமாகும். நுண்முனை மைக்கோல் ஏற்றது.

வெட்டிய விளிம்பில் கத்தரியின் பற்தடங்கள் தங்கியிருக்கும். அவற்றை முதலில் அரத்தாலும் பின்னர் மெல்லிய தேய்ப்புத் தாளாலும் வழவழப்பாக்க வேண்டும். விளிம்புக்குக் குறுக்காக உள்ள கீறலே மிகவும் தீயது. இறுதித் தேய்ப்பு விளிம்பின் நீளவாக்கில் அமைதல் நன்று. உள்மூலைகளைக் கூராக வெட்டாமல், முதலில் சிறு துளையிட்டு அதனை நோக்கி வெட்டினால் மூலை வளைவாக அமையும்.

வளைத்தல்

ஒவ்வொரு கலப்புலோகத்துக்கும் தடிப்புக்கும் குறைந்த அளவு வளைவு ஆரம் உண்டு. அதனினும் கூராக வளைத்தால் வெளிப்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் தோன்றலாம். தகடு ஆலையில் உருட்டப்பட்ட திசைக்குக் குறுக்காக வளைவுக் கோடு அமைவது பாதுகாப்பானது. வளைக்கும் கட்டையின் விளிம்பை வட்டமாகத் தேய்த்துக்கொள்வது வழக்கம்.

துளையிடல்

துளையின் அளவு தறையாணியைவிடச் சற்றே பெரியதாக இருக்கும். 2.4 மி.மீ. தறையாணிக்கு ஏறத்தாழ 2.5 மி.மீ. துளையும், 3.2 மி.மீ. தறையாணிக்கு ஏறத்தாழ 3.3 மி.மீ. துளையும் இடப்படுகின்றன. துளையின் நடுவிலிருந்து தகட்டின் விளிம்பு வரை உள்ள தொலைவு தறையாணி விட்டத்தின் இரு மடங்குக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அடுத்தடுத்த துளைகளின் இடைவெளி மூன்று மடங்குக்குக் குறைதல் ஆகாது. விளிம்புத் தொலைவு குறைந்தால் தகடு விளிம்பு நோக்கிக் கிழியும்.

இணையவிருக்கும் தகடுகளை ஒன்றாகப் பிடித்து இறுதித் துளையிடுவதே முறை. அப்போதுதான் துளைகள் நேர்கோட்டில் அமையும். இதில் வெப்பநிலையும் கருதத்தக்கது. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு பாகை செல்சியசில் ஏறத்தாழ 0.023 மி.மீ. விரியும். கோடை நண்பகலில் 4 மீட்டர் நீளமுள்ள தகடு வெயிலிலும் விட்டம் நிழலிலும் இருந்து, இரண்டுக்கும் 15 பாகை வேறுபாடு ஏற்பட்டால் நீள வேறுபாடு ஏறத்தாழ 1.4 மி.மீ. ஆகும். இது சிறிய தறையாணித் துளையின் விட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டது. எனவே இரண்டும் ஒரே வெப்பநிலையை அடைந்த பின்னரே துளையிட வேண்டும்.

பிசிறு நீக்கல்

துளையிட்டபின் துளையின் இருபுறமும் மெல்லிய உலோகப் பிசிறு எழும். தகடுகளைப் பிரிக்காமல் தறைந்தால் பிசிறும் உலோகத்தூளும் இடையில் சிக்கி, தகடுகள் ஒன்றோடொன்று அமராது போகும். அவ்விடைவெளியில் தறையாணியின் உலோகம் புகுந்து பரவும். அதனால் இணைப்புத் தளரும். எனவே ஒன்றாகத் துளையிட்ட தகடுகளை மீண்டும் பிரித்து, ஒவ்வொரு துளையின் இருபுறமும் பிசிறு நீக்குவது தவிர்க்கமுடியாத படியாகும். பெரிய துளைமுனையைக் கையால் ஓரிரு சுற்று மெல்லத் திருப்பினால் போதும். மிகுதியாகச் சுரண்டினால் துளையின் விளிம்பு மெலிந்து கத்திமுனை போலாகும். அதுவும் விரிசலின் தொடக்கமே.

ஒரு வானூர்தியில் இவ்வேலை பல்லாயிரம் முறை மீள மீள வருகின்றது. கட்டுமானத்தில் சலிப்பூட்டும் பகுதியாக இது கருதப்படுவதும், அவசரத்தில் விடுபடுவதும் இதனாலேயே.

குழிவாக்கல்

காற்றோட்டத்துக்குத் தடையாகாதிருக்க, மேலுறையில் தலை வெளியே நீட்டாத தட்டைத் தறையாணிகள் பயன்படுகின்றன. அவற்றின் தலை 100 பாகைக் கூம்பு வடிவம் கொண்டது. தடித்த தகட்டில் அத்தலை அமர்வதற்கான குழியைக் குடைந்து எடுக்கலாம். 2.4 மி.மீ. தறையாணிக்குத் தகடு குறைந்தது 0.8 மி.மீ. தடிப்பும், 3.2 மி.மீ. தறையாணிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. தடிப்பும் இருந்தாலே குடைதல் தகும். அதனினும் மெல்லிய தகட்டைக் குடையாமல், இரண்டு அச்சுகளுக்கிடையே அழுத்திக் குழிவாக்க வேண்டும். குழிவாக்கும்போது துளையின் விளிம்பு விரிகின்றது. பிசிறு நீக்கப்படாத துளை இந்நிலையில் வெடிக்கலாம். ஆகவே பிசிறு நீக்கல் எப்போதும் குழிவாக்கலுக்கு முந்தியது.

அரிமானக் காப்பு

பாகங்களை எண்ணெய்ப்பசை போகக் கழுவி, மெல்லத் தேய்த்து, அடிப்பூச்சு இடுவர். தூய அலுமினியப் படலம் உள்ள தகட்டுக்கு இயல்பான காப்பு உண்டு. ஆயினும் வெட்டிய விளிம்பு, துளை, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பு ஆகிய இடங்களில் ஈரம் தங்கும். கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்வதால் காப்பு மேலும் இன்றியமையாததாகின்றது. உருக்கும் அலுமினியமும் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். அதனைத் தவிர்க்க உருக்கு மரையாணிகளுக்குக் காட்மியம் பூசப்படுகின்றது.

பழைய குரோமேட்டு அடிப்பூச்சுகளில் புற்றுநோய் விளைவிக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் உள்ளது. அவற்றைத் தெளிக்கும்போதும் தேய்க்கும்போதும் தக்க மூச்சுக் கவசமும் கையுறையும் வேண்டும். வீட்டில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் இவ்வேலையைச் செய்தல் கூடாது.

பொருத்துதல்

தற்காலிகப் பிணைப்பு

கிளீகோ எனப்படும் வில்லூசிகள் துளைகளில் செருகப்பட்டுத் தகடுகளைத் தற்காலிகமாக இறுக்கிப் பிடிக்கின்றன. இவற்றைக் கொண்டு முழுப் பகுதியையும் ஒருமுறை பொருத்திப் பார்க்கலாம். பின்னர் பிரித்துப் பிசிறு நீக்கி, பூச்சு இட்டு, மீண்டும் பொருத்துவர். கட்டுபவர் ஒவ்வொரு பகுதியையும் இரண்டு அல்லது மூன்று முறை பொருத்திப் பிரிப்பது இயல்பானதே.

இப்படியிலேயே இறக்கை முறுக்கின்றி இருக்கின்றதா என அளக்க வேண்டும். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டும் ரசமட்டமுமே இதற்குப் போதுமான கருவிகள். விட்டத்தின் இரு முனைகளிலும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு நேர்மையை ஒப்பிடுவர். முறுக்குடன் தறைந்துவிட்ட இறக்கையைப் பின்னர் நிமிர்த்த இயலாது. அவ்வானூர்தி ஒருபுறம் சாய்ந்தே பறக்கும்.

தறைதல்

தறையாணிகள் இருவகைப்படும். முதல்வகை திண்மத் தறையாணி. ஒருவர் காற்றழுத்தச் சுத்தியைத் தறையாணியின் தலைமீது வைத்து இயக்க, மற்றவர் மறுபுறத்தில் கனமான தாங்கிரும்பைப் பிடிப்பார். சுத்தியின் அதிர்வால் தறையாணியின் வால் தாங்கிரும்பில் மோதி நசுங்கி, புதிய தலையாக உருவாகும். ஓரங்களில் நெருக்கியைக் கொண்டு ஒருவரே இதனைச் செய்யலாம். இறக்கையின் உட்புறங்களில் இருவர் தேவை. ஒருவரையொருவர் காணாத நிலையில் வேலை நடப்பதால், தொடங்கவும் நிறுத்தவும் சொற்குறிகளை முன்னரே வகுத்துக்கொள்வர். செவிக்காப்பும் அணிய வேண்டும்.

இரண்டாம் வகை இழுப்புத் தறையாணி. பட்டறைகளில் இது பாப் ரிவெட் எனப்படும். ஒருபுறத்திலிருந்தே இழுத்துப் பொருத்தலாம், துணையாள் தேவையில்லை. கட்டும் காலமும் குறையும். தென்னாப்பிரிக்காவின் சுலிங், அமெரிக்காவின் செனித் ஆகிய தொகுதிகளில் இவ்வகையே பெருமளவு பயன்படுகின்றது. கடைகளில் விற்கும் பொதுப் பயன்பாட்டு இழுப்புத் தறையாணியை வானூர்தியில் பயன்படுத்துதல் ஆகாது. வடிவமைப்பாளர் குறித்த வகையே வேண்டும்.

திண்மத் தறையாணியின் அளவு விதிகள் எளியவை. தகடுகளைக் கடந்து வெளியே நீட்டும் வால், விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். தறைந்தபின் உருவாகும் தலையின் அகலம் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கும், உயரம் அரை மடங்கும் இருத்தல் நன்று. எனவே 3.2 மி.மீ. தறையாணியின் தலை ஏறத்தாழ 4.8 மி.மீ. அகலமும் 1.6 மி.மீ. உயரமும் கொண்டிருக்கும். வழக்கமான 2117 கலப்புலோகத் தறையாணியின் தலை நடுவில் சிறு குழி ஒன்று அடையாளமாக இருக்கும். குறியேதும் இல்லாத தலை தூய அலுமினியத்தைக் குறிக்கும். அது மிக மென்மையானது, சுமை தாங்கும் இணைப்புக்கு உதவாது.

பொதுவாகக் காணப்படும் குறைகள்:

- வால் நேராக நசுங்காமல் ஒருபக்கம் மடிதல்
- போதிய அளவு நசுங்காமை
- மிகுதியாக நசுங்கித் தலையில் விரிசல் காணல்
- சுத்தி வழுக்கித் தகட்டில் பிறைவடிவத் தழும்பு பதிதல்
- தகடுகளுக்கிடையே இடைவெளி இருத்தல்

குறையுள்ள தறையாணியை நீக்க, அதன் தலையின் நடுவில் தலையின் ஆழம் வரை மட்டும் துளையிட்டு, தலையைப் பெயர்த்து, தண்டை மெல்லத் தட்டி எடுக்க வேண்டும். கவனக்குறைவாகத் துளையிட்டால் மூலத்துளை பெரிதாகிவிடும். சிறிய குறையுள்ள தறையாணியை நீக்கப் போய்த் தகட்டைக் கெடுப்பதைவிட, ஏற்கத்தக்க எல்லைக்குள் இருந்தால் அப்படியே விடுவது மேல் என்பது அனுபவமுள்ளோர் கருத்து. எல்லை எது என்பதைத் தொகுதியின் கையேடு வரையறுக்கும். ஊகம் அங்கு இடம்பெறலாகாது.

மரையாணிகள்

இறக்கையை உடலுடன் இணைத்தல், கட்டுப்பாட்டுத் தண்டுகள், எந்திரம் ஆகிய இடங்களில் மரையாணிகள் பயன்படுகின்றன. இவை குறித்த முறுக்கத்துக்கு இறுக்கப்பட வேண்டும். 4.8 மி.மீ. விட்டமுள்ள வானூர்தி மரையாணிக்கு வழக்கமான முறுக்கம் 2.3 முதல் 2.8 நியூட்டன் மீட்டர் மட்டுமே. லாரிப் பட்டறைப் பழக்கத்தில் கைவலுவுக்கு இறுக்கினால் மரையாணி நீண்டு வலுவிழக்கும். எனவே முறுக்கம் காட்டும் டார்க் ரெஞ்ச் தேவை. தானே பூட்டும் மரைகளில் குறைந்தது ஒரு புரி வெளியே தெரிய வேண்டும். சுழலும் இணைப்புகளில் பிளவூசி இட்டுப் பூட்டும் மரையே பயன்படும். இறுக்கிய ஒவ்வொரு மரைமீதும் வண்ணக்கோடு இடுவது வழக்கம். கோடு விலகியிருந்தால் மரை தளர்ந்துள்ளது எனப் பார்த்தவுடன் அறியலாம்.

ஆய்வும் பதிவேடும்

மூடப்படும் ஒவ்வொரு பகுதியையும் மூடுவதற்கு முன் மற்றொருவர் பார்ப்பது நன்று. தாம் செய்த பிழையைத் தாமே காண்பது கடினம். ஐக்கிய இராச்சியத்தில் லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேசன் என்னும் அமைப்பின் ஆய்வாளர்கள் கட்டுமானத்தின் பல கட்டங்களிலும் நேரில் பார்த்துக் கையொப்பம் இடுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவில், வேலையின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்காகவோ கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது விதி. இது 51 விழுக்காட்டு விதி என வழங்குகின்றது.

இவ்விதியை மெய்ப்பிக்கவும் பின்னாளில் பழுது பார்க்கவும் பதிவேடு உதவுகின்றது. நாள், செய்த வேலை, பயன்படுத்திய தகட்டின் எண், ஒளிப்படம் ஆகியன அதில் இடம்பெறும். பதிவேட்டின் மிகப் பெரிய பயன், மூடிய பின் காணமுடியாத இடங்களின் படங்கள் அதில் இருப்பதேயாகும்.

விபத்துகள் உணர்த்தியவை

தறையாணி இணைப்பின் முக்கியத்துவத்தைப் பெரிய வானூர்திகளின் விபத்துகள் தெளிவாகக் காட்டியுள்ளன. 1985 ஆகத்து 12 அன்று சப்பான் ஏர்லைன்சு பறப்பு 123 மலையில் மோதியதில் 520 பேர் உயிரிழந்தனர். நால்வர் மட்டுமே பிழைத்தனர். அவ்வானூர்தியின் பின்புற அழுத்தத் தடுப்பு 1978 இல் பழுது பார்க்கப்பட்டபோது, ஒரே தகடாகப் பொருத்த வேண்டிய இணைப்புத் தகடு இரண்டாக வெட்டிப் பொருத்தப்பட்டிருந்தது. அதனால் இரண்டு வரிசைத் தறையாணிகள் தாங்க வேண்டிய சுமை ஒரே வரிசைமீது விழுந்தது. வெளிப்பார்வைக்குப் பழுது சரியாகவே தோன்றியது. ஏழாண்டுகளில் உலோக அயர்ச்சியால் விரிசல் வளர்ந்து தடுப்பு உடைந்தது.

1988 ஏப்ரல் 28 அன்று அவாயில் அலோகா ஏர்லைன்சின் போயிங் 737 ஒன்று நடுவானில் தன் மேற்கூரையின் ஒரு பகுதியை இழந்தது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். மேலுறை இணைப்பில் தறையாணித் துளைகளின் கூரிய விளிம்புகளில் தோன்றிய பல சிறு விரிசல்கள் ஒன்று சேர்ந்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது.

வீட்டுக் கட்டுமானத் துறையிலேயே 2023 இல் இத்தகைய நெருக்கடி ஒன்று எழுந்தது. வான்சு ஏர்கிராஃப்ட் தொகுதிகளில் லேசர் கதிரால் வெட்டப்பட்ட சில பாகங்களின் துளைகளில், குழிவாக்கும்போது விரிசல் காணப்பட்டது. குறையைக் கண்டவர்கள் வீட்டில் கட்டிக்கொண்டிருந்தவர்களே. மாற்றுப் பாகங்கள் வழங்கும் சுமையும் ஏனைய நிதிச் சிக்கல்களும் சேர்ந்து, அந்நிறுவனம் 2023 திசம்பரில் திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடியது. 2024 இல் அதிலிருந்து மீண்டது. நல்ல நிறுவனத்திலிருந்து வந்த துளையாயினும் கட்டுபவர் பார்த்தே ஏற்க வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

இந்தியாவில்

இந்தியாவில் எந்த வானூர்தியும் குடிமை வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பதிவும் அனுமதியும் இன்றிப் பறத்தல் ஆகாது. மும்பையைச் சேர்ந்த வானோடி அமோல் யாதவ், காந்திவலி பகுதியில் உள்ள தம் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு இருக்கைகள் கொண்ட டி.ஏ.சி-003 என்னும் வானூர்தியைக் கட்டினார். இது 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைக்கப்பட்டது. 2017 இல் பதிவும் 2019 இல் பறப்பதற்கான அனுமதியும் பெற்றது. கட்டுமானத்தைப் போலவே அனுமதிக்கும் பல ஆண்டுகள் தேவைப்படலாம் என்பதை இவரது முயற்சி காட்டுகின்றது.

கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் பொறியாளர் அசோக் தாமராட்சன், கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், 2020 இல் தொடங்கி, நான்கு இருக்கைகள் கொண்ட சுலிங் டிஎசுஐ தொகுதியைத் தம் வீட்டில் கட்டினார். ஏறத்தாழ 18 மாதங்களில் முடிந்த அவ்வானூர்தி 2022 இல் பறந்தது. மகளின் பெயரால் அதற்கு ஜி-டியா எனப் பெயரிட்டார். ஆயத்தத் துளைகளும் இழுப்புத் தறையாணியும் கட்டும் காலத்தை எவ்வளவு குறைக்கின்றன என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

கொங்கு வட்டாரமும் உலோக வேலையும்

காவிரியும் பவானியும் கூடும் பவானி நகருக்கு வடக்கே, காவிரியின் மேற்பகுதியில் உள்ள மேட்டூரில் 1960களில் மெட்ராசு அலுமினியம் நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியது. சேர்வராயன் மலை, கொல்லிமலை ஆகியவற்றின் பாக்சைட்டிலிருந்து அங்கு அலுமினியம் உருக்கப்பட்டது. உருக்காலை 2008 இல் நிறுத்தப்பட்டது.

வட்டாரத்தின் வார்ப்பகங்கள், கடைசல் பட்டறைகள், கரூரின் பேருந்துக் கூண்டு கட்டும் தொழில், நாமக்கல்லின் லாரிக் கூண்டு கட்டும் தொழில், திருச்செங்கோட்டின் ஆழ்துளை எந்திரத் தொழில் ஆகியவற்றால் தகட்டு வேலை அறிந்த கைகளுக்கு இங்கு குறைவில்லை. நூற்பு எந்திரங்களுக்குப் பெயர்பெற்ற கோயம்புத்தூர் லட்சுமி மெசின் ஒர்க்சு நிறுவனம் வானூர்திப் பாகங்களையும் செய்கின்றது. சூலூரில் இந்திய வான்படையின் 5 ஆவது பழுதுபார்ப்புப் பணிமனை உள்ளது. பவானி ஆற்றங்கரையில் சத்தியமங்கலத்தில் உள்ள பண்ணாரி அம்மன் தொழில்நுட்பக் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் கற்பிக்கப்படுகின்றது. வட்டாரத்துக்கு வடக்கே ஓசூரில் தனேசா ஏரோசுபேசு நிறுவனம் 1990களில் இத்தாலிய வடிவமைப்பான பி.68சி என்னும் இரட்டை எந்திர உலோக வானூர்தியைக் கட்டியது.

இத்தொழில்களில் பழகியவர் வானூர்தி வேலைக்கு வரும்போது கைத்திறனைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. மாற்றிக்கொள்ள வேண்டியது அளவு பற்றிய வழக்கங்களையே. லாரிக் கூண்டில் ஒரு துளை விலகினால் பக்கத்தில் வேறொன்று இடலாம். வானூர்தியில் அவ்வாறு இட்ட இரண்டாம் துளை, விளிம்புத் தொலைவையும் துளை இடைவெளியையும் கெடுத்து அப்பாகத்தையே பயனற்றதாக்கும். அத்தகைய பாகத்தை ஒதுக்கிவைத்துப் புதிது செய்வதே இத்துறையின் வழக்கம்.